மொட்டைப் பனையின் இரைச்சல்

புதுக்கோட்டைக்கு வெளியே, தலைபோன மொட்டைப் பனையைக் காசிலிங்கம் கோடாரியைத் திருப்பிப் பிடித்துத் தட்டுகிறார். வெட்டுமுன் தட்டிக் கேட்பது அவர் வழக்கம். பறவைகளைக் கணக்கெடுக்கும் இசக்கிசெல்வி மரத்தின் மேலிருக்கும் பொந்தை அண்ணாந்து பார்க்கிறாள். மழைக்காலமெல்லாம் உடைமரக் காடு முழுக்கச் சுற்றிய மரங்கொத்தி, பங்குனியில் இந்தப் பட்டமரத்தைத்தான் நம்பியிருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்துவிட்டாள். “குருவிக்கு வேற மரமா இல்ல?” என்று சிரித்துவிட்டார். எதிர் உடைமரத்தில் தாய்ப்பறவை, வாய் நிறைய எறும்போடு, கிட்டவரத் துணியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி தட்டுகிறார். பொந்துக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் கிளம்புகிறது. கோடாரி கைநழுவுகிறது. “ஏளா, தள்ளிப்போ! உள்ள தேனீல்லா அடைஞ்சு கெடக்கு!” தாய் வந்துவிட்டதென்று பசித்த குஞ்சுகள் அப்படித்தான் இரையும். அதைச் சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொள்கிறாள். “ஆமா அண்ணாச்சி. சித்திரை கழிஞ்சா தானாப் பறந்திரும்.”