இன்னும் மூன்று வரிசை

அம்சம் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் கண்ணுசாமி ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

எதிர் பெஞ்சில் இருந்த ஜெயபாரதி அவரையே வெறித்துப் பார்த்தாள்.

பன்னிரண்டு நாளாக அவள் இந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய அம்மாவும் அம்சமும் அடுத்தடுத்த கட்டில். வெளியே இவர்கள் எதிரெதிர் பெஞ்ச். மற்றவர்கள் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். கண்ணுசாமி மட்டும் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டுப் படம் தைத்துக்கொண்டிருப்பார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயி. நகக்கண்ணில் இன்னும் சேறு போகவில்லை. ஊசியை மூன்று விரலால் அமுக்கிப் பிடித்து, குத்தி, இழுத்து, திரும்பக் குத்தி... குளத்தில் நீந்துகிற வாத்துகள். வாத்தெல்லாம் முடிந்து இப்போது தண்ணீர். எல்லாம் நீல நூல்.

பக்கத்தில் டிசைன் தாள் ஒன்று. ஒரு வரிசை முடிந்தால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளில் அந்த வரிசையைக் கோடு போட்டு அடிப்பார். ஓரத்தில் தேதி போட்டு அன்றைக்கு எத்தனை வரிசை என்று எழுதுவார். மூன்று. ஐந்து. ஒன்பது.

"பொண்டாட்டி உசுருக்குப் போராடுது. இவரு வாத்துக்குத் தண்ணி காட்டுறாரு" என்றாள் தங்கமணி. தம்பியை உள்ளே சேர்த்துவிட்டுக் காத்திருப்பவள்.

ஒருநாள் நர்ஸ் வெளியே வந்து, "அம்சத்தோட அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டபோது, அவர் முதலில் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதை ஜெயபாரதியால் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். அப்போதும் கையில் அந்தத் தாளோடுதான் போவார்.

இன்று காலை டாக்டர் வந்து விஷயத்தைச் சொன்னார். கண்ணுசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அப்புறம் மஞ்சப்பையைத் திறந்து துணியை எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா?" என்று தங்கமணி முழங்கையால் இடித்தாள்.

நர்ஸ் வந்தாள். "அமரர் ஊர்தி வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம் ஐயா. உங்க பொண்ணு எங்க வர்றாங்க?"

"திருச்சி தாண்டிடுச்சு சிஸ்டர்." பிறகு குனிந்து துணியைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரமா? போதும் சிஸ்டர்."

போதும்.

ஜெயபாரதி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க உள்ள கெடக்காங்க. இப்பகூட இதக் கீழ வைக்க மனசு வரலையா உங்களுக்கு?"

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த வரிசையை முடித்தார். பென்சிலை எடுத்துத் தாளில் அடித்தார்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

"இது அவ வேலம்மா. மக செம்மொழி புதுசா வீடு கட்டுது. அங்க மாட்டுறதுக்குன்னு ஆரம்பிச்சா. ஒரு நாளைக்கு இத்தன வரிசைன்னு அவளே திட்டம் போட்டு, இந்தத் தாள்ல அடிச்சுக்கிட்டே வந்தா. பாதியில படுத்துட்டா. இங்க சேக்கும்போது வேற எதுவும் கேக்கல. 'அத யாரு முடிக்கிறது'ன்னா. நான் முடிக்கிறேன்னு சொல்லிட்டேன். கிழிஞ்ச சாக்குகூடத் தச்சதில்ல நான்."

ஜெயபாரதி தாளைப் பார்த்தாள். மேலே பாதி வரைக்கும் அழுத்தமில்லாத நேர்க்கோடுகள். அதற்குக் கீழே எல்லாம் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்த கோணல் கோடுகள்.

"தெனம் சாயங்காலம் உள்ள போனா, 'எத்தன?'ன்னுதான் மொதல்ல கேப்பா. தாளக் காட்டுவேன். கொறஞ்சா மூஞ்சி வாடிப்போயிடும். அதுக்காகவே ரெண்டு வரிசை கூடப் போடப் பாப்பேன்."

ஜெயபாரதி மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியில் தண்ணீர் மேடும் பள்ளமுமாக இருந்தது. அடியில் விரல் அகலத்துக்கு மட்டும் வெறும் வெள்ளை.

"இனிமே அவங்க கேக்கப் போறதில்லையே ஐயா. காரியமெல்லாம் முடிஞ்சு, வீட்டுல வச்சு மெதுவாப் போடலாமே."

அவர் நீல நூலை ஊசிக்காதில் நுழைக்கப் பார்த்தார். நூல் விலகி விலகிப் போயிற்று. ஜெயபாரதி வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"நேத்து அவளால கண்ணத் தொறக்க முடியலம்மா" என்றார் கண்ணுசாமி. "'எத்தன?'ன்னு ஒதடு மட்டும் அசைஞ்சுது. தாளக் காட்டுனா தெரியவா போகுது. எல்லாம் முடிஞ்சிடுச்சு அம்சம்னு சொல்லிட்டேன். அப்படியே நிம்மதியாத் தூங்கிட்டா."

ஊசியைத் துணியில் குத்தினார்.

"சொன்னப்ப பதினோரு வரிசை பாக்கி. இன்னும் மூணு இருக்கு. அவள வெளிய தூக்கிட்டு வர்றதுக்குள்ள, நான் சொன்னது பொய்யில்லன்னு ஆக்கிடணும்மா."