மாற்றிக் கட்டிய மாடு

ரத்தம் எடுக்கிற ஊசி கழுத்தில் இறங்கியதும் மாடு தலையை உதறியது. அவள் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அது அவளுடைய மாடில்லை. பக்கத்து வீட்டுச் சரசாவுடையது.

மகள் மேனகாவுக்கு வளைகாப்பு என்று சரசா சம்பந்தி ஊருக்குப் போயிருந்தாள். "அக்கா, எம்பட மாட்டையும் பாத்துக்கோங்க" என்று கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாள். இரண்டு மாடும் ஒரே கறுப்பு, ஒரே நெற்றிச் சுட்டி. மாட்டு டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

நம்பர் போட்ட காது வில்லை எங்கே என்று டாக்டர் கேட்டான். வேலியில் மாட்டி அறுந்துவிட்டது என்று அளந்துவிட்டாள்.

தன் மாட்டைக் கொல்லையில் மறைத்துக் கட்டியிருந்தாள். போன மாதம் அது நாள் நிறையாமல் கன்று வீசியதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள். அப்புறம் வயிற்றில் ஈரத்துணிதான்.

டாக்டர் மேல் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை. மடியைத் தொடவில்லை. சாணியைப் பார்க்கவில்லை. ரத்தத்தில் இருக்கிற புரதத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவானாம். பெரிய கெட்டிக்காரன்! நல்ல மாட்டை நோய் மாடு என்று சொல்லி அடிமாட்டுக்குத் தள்ளிவிடுகிற கூட்டமோ என்னவோ, யார் கண்டது?

சரசா திரும்பி வருகிற அன்று காலையில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"உங்க மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் இருக்குங்கம்மா. பச்சைப் பாலை யாரும் குடிக்கக் கூடாது. மாசமா இருக்கறவங்க மாட்டுப் பக்கமே வரக் கூடாது."

புளுகன் என்று திட்டினாள். மாடு கல்லுக்குண்டாட்டம் நிற்கிறது.

அப்புறம்தான் சுருக்கென்றது. தன் மாட்டுக்கு வந்ததையே அல்லவா சரசா மாட்டு ரத்தத்தைப் பார்த்தும் சொல்கிறான்?

அப்படியானால் சரசாவுக்குத் தெரியுமோ?

வளைகாப்புக்கு நாள் குறித்தது டாக்டர் வருகிற வாரத்திலேயேவா? ரத்தம் எடுத்தால் குட்டு உடையும் என்றுதான் இங்கே கட்டிவிட்டுப் போனாளோ? சரசா மாட்டிலிருந்துதான் தன் மாட்டுக்கே ஒட்டியதோ? அடிப்பாவி! கூடப்பிறந்தவள் மாதிரி பழகிவிட்டு!

வரட்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மத்தியானம் சரசா மகளோடு வந்து இறங்கினாள். மேனகாவின் இரண்டு கையிலும் வளையல். சரசா நேராகத் தன் மாட்டிடம் போனாள். தட்டிக்கொடுத்தாள், மடியைக் கழுவினாள், குத்துக்காலிட்டுக் கறந்தாள்.

அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். சரசாவின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

நுரை அடங்காத பாலைச் சரசா அப்படியே சொம்போடு மகளிடம் நீட்டினாள்.

"சூடு ஆறறதுக்குள்ள குடி கண்ணு. வவுத்துப் புள்ளைக்கு நல்லது."

சரசாவுக்கு எதுவுமே தெரியாது.

மேனகா சொம்பை வாயில் வைத்தாள்.

அவள் ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டது. தரையெல்லாம் பால்.

"என்னக்கா, பைத்தியமா புடிச்சிருக்குது?"

"நோய்ப் பால் புள்ள அது! டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துச் சொன்னான்."

"எம்பட மாட்டுக்கு யாரு ரத்தம் எடுக்கச் சொன்னது?"

அவள் மேனகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய்கூட உள்ள போகலையே கண்ணு?"

மேனகா அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்ல உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.