திருமதி ராணிக்கு வந்த கடிதம்

“இது யார் பேருக்கு வந்திருக்குன்னு கொஞ்சம் சத்தமா படிங்க!”

கையிலிருந்த உறையை மேசைமேல் அறைந்தார் பூவிதையம்மா. எதிரே உட்கார்ந்திருந்த கத்திக் கம்பெனி முதலாளி நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“திருமதி ராணி...”

“ராணி எங்க வீட்டுப் பூனை!”

அடுத்த அறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன.

முப்பத்தைந்து வருடமாகக் கடை என்று ஒன்று இல்லாமலே, தபாலில் பூவிதை விற்றுப் பேர் வாங்கியவர் பூவிதையம்மா. ‘ஐயா’ என்று மொட்டையாகத் தொடங்கிக்கொண்டிருந்த விளம்பரக் கடிதத்தை, ‘அன்புள்ள இன்னார் அவர்களுக்கு’ என்று பேர் சொல்லிக் கூப்பிட வைத்த முதல் ஆள். அவருக்கு உயிரே அந்த முகவரிப் பட்டியல்தான். யாராவது அதைத் திருடினால் தெரியவேண்டும் என்று நடுவில் பூனையின் பேரைப் போட்டுத் தன் வீட்டு முகவரியைச் சொருகி வைத்திருந்தார். இன்றைக்கு எலி மாட்டிவிட்டது.

“என் லிஸ்டைத் தவிர உலகத்துல வேற எங்கயும் ராணி பேர் கிடையாது. உங்க கத்தி விளம்பரம் அவளுக்கு எப்படி வந்துச்சு? சாயங்காலம் நம்ம தபால் வியாபாரிகள் சங்கத்துல கூட்டம். இந்த உறையை எடுத்து நீட்டினேன்னா, நாளைக்கு உங்க கம்பெனிக்குப் பூட்டு!”

“உங்ககிட்ட டைப்பிஸ்டா இருந்த பொண்ணு இப்ப எங்ககிட்ட இருக்கு. அதுதான் கொண்டு வந்துச்சு. வாங்கிக்கிட்டேன்” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

பூவிதையம்மா உறையை மறுபடி எடுத்து ஆட்டினார்.

“வாங்கிக்கிட்டாராம்! சோறு போட்ட இடத்துக்கே துரோகம் பண்ணியிருக்கா, நீங்க அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்கீங்க! ஒவ்வொரு பேரும் நான் செருப்புத் தேய அலைஞ்சு, கதவைத் தட்டி எழுதி வாங்கினதுய்யா!”

இதை அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கைதட்டல் விழும்.

“முதல் நாலாயிரம் பேருமா?”

“முதல் நாலாயிரமும்தான்!”

முதலாளி எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாகப் பூவிதை விளம்பரக் கடிதங்கள். மேலே இருந்தது போன வாரத்துக் கடிதம்.

“எங்க அப்பா சேர்க்க ஆரம்பிச்சது. பழைய அச்சகம் ஒண்ணு வச்சிருந்தார், நாலாயிரம் வாடிக்கைக்காரங்க முகவரிப் பட்டியலோட. மாடிப்படிக்குக் கீழ ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு உட்கார்ந்திருக்கும். ஞாபகம் இருக்காம்மா?”

பூவிதையம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அந்தப் பொண்ணு வேலையை விட்டு நின்ன அடுத்த மாசம் வந்தது இது.” பெட்டியின் அடியிலிருந்து பழுப்பேறிய ஓர் உறையை உருவினார். “போலீசுக்குப் போலாம்னோம். அப்பா கேக்கல. ‘நல்லா எழுதுது, பொழச்சுப் போகட்டும்’னுட்டார்.”

பிரித்து நீட்டினார். பூவிதையம்மாவின் கையெழுத்தேதான்.

‘அன்புள்ள திரு. மணி அவர்களுக்கு, தங்களை நேரில் சந்தித்துப் பேசியதை என்னால் மறக்கவே முடியாது...’

“மணி... யாரு?” என்று கேட்டார் பூவிதையம்மா.

“எங்க வீட்டு நாய்.”