எட்டு மணி இருட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பெரியநாயகியின் மகள் சொல்லக் கேட்டதுதான். மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு தெரு. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்த ஒரு மார்ச்.

எட்டு மணி ஆனதும் பெரியநாயகியின் புருஷன் வீரமுத்து எழுந்து ஃபேனை நிறுத்தினார். பிறகு பல்பை.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் பெரியநாயகி. பகலெல்லாம் கரும்பில் காய்ந்த சோகை உரித்த கை எரிந்தது. பிரசவத்துக்கு வந்த மகள், கைக்குழந்தையோடு ஃபேனுக்கு நேரே படுத்திருந்தாள்.

"கரண்டு ஜாஸ்தி ஆவுது."

"மாப்ள வாங்கிக் குடுத்த ஃபேனு. பச்சப்புள்ள ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ஒங்க கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவில்லியா?"

அவர் விசிறியை எடுத்துக்கொண்டு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது நாளாக இதே கூத்து. பத்தரை வரை விசிறுவார். பிறகு, யாரும் கேட்காமலே ஃபேனைப் போடுவார்.

பெரியநாயகி வாசலுக்கு வந்தாள். எதிரே கண்ணாயிரம் வீடும் இருட்டு.

"அங்க ஒரு கஞ்சன், இங்க ஒரு கஞ்சன். நல்ல தெருவுல வந்து வாக்கப்பட்டேன்."

"மெதுவா பேசு. அந்தாளு காதுல வுழப் போவுது."

கண்ணாயிரம் வாய்க்குத் தெருவே பயப்படும். மறியலன்று தடையை மீறி மைக்கேல்ராஜ் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனார் என்று, "மைக்கேல்ராஜ் வூட்டோட யாரும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டவர் அவர்தான். மைக்கேல்ராஜ் வீடு தெரு முடிந்து, கடைசிக் கரண்டுக் கம்பத்தில்.

குழந்தை மறுபடி சிணுங்கியது. பெரியநாயகிக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டாள். வீரமுத்து பாய்ந்து வந்து நிறுத்தினார்.

"எங்கிட்ட இன்னாத்த மறைக்கிறீங்க?"

அவர் அவளை வாசலுக்குக் கூட்டி வந்து தெருக்கோடியைக் காட்டினார். மைக்கேல்ராஜ் வீட்டு ஜன்னலில் மங்கலாக ஒரு குண்டு பல்பு. அதன் கீழே குனிந்த ஒரு தலை.

"அவரு பொண்ணு ஜூலியா. பன்னெண்டாவது பரீட்ச எழுதுது. இங்க நாம போட்டா, வோல்டேஜ் எறங்கி கடசி வூட்ல பல்பு கங்கு மாதிரி செவந்துபூடுது. நிறுத்தினாத்தான் அதுக்கு எழுத்து தெரியும்."

"இத மொதல்லியே சொன்னா இன்னா?"

"நீ கொழாயடியில சொல்லிடுவ. கண்ணாயிரத்துக்குத் தெரிஞ்சா நம்மளயும் தள்ளி வெச்சிடுவாரு. நம்ம பையன் மேல மறியல் கேசு கெடக்குது. கோர்ட்டுக்கு வர நாலு பேரு வேணாமா?"

பெரியநாயகி கொஞ்ச நேரம் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையிலிருந்த விசிறியை வாங்கினாள்.

"நீங்க போய்ப் படுங்க."

இவ்வளவுதான் மகள் சொன்னது. எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்த லைன்மேன் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு வூட்ல ஒரு ஃபேனும் பல்பும் நின்னா கடசிக் கம்பத்துல வோல்டேஜ் ஒண்ணும் ஏறாது சார். தெருவே நின்னாத்தான் உண்டு."

அந்தத் தெருவில் பதினோரு வீடு. எல்லார் வீட்டு மீட்டர் அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெயிலுக்கு ஏற வேண்டிய யூனிட், பரீட்சை வந்த அந்த இரண்டு மாதக் கணக்கில் ஒன்பது வீட்டில் இறங்கியிருந்தது.

எல்லாரையும் விட அதிகமாக இறங்கியிருந்தது கண்ணாயிரம் வீட்டில்.