மலை தாங்கும் எடை

எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சரிந்து விழுந்த மலையின் மேல்தான் தமயந்தியின் ஊர் இருக்கிறது. அந்தச் சரிவு இன்னும் நிற்கவில்லை என்று கண்டுபிடித்த நாளிலிருந்து ஆட்களையும் சேர்த்து வீட்டுக்கு வீடு எடை வரம்பு.

சமவெளியில் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டியதும் மகள் இதழினி தலைப்பிரசவத்துக்கு மலையேறி வந்தாள். அவளுக்காகத் தமயந்தி பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் ஏற்கெனவே மலையிலிருந்து கீழே இறக்கிவிட்டு, சோதனைச்சாவடிக்கு வந்து காத்திருந்தாள்.

சோதனைச்சாவடிக்காரர் மகளின் எடையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இன்னும் ஐம்பது கிலோ கூடுதலா இருக்குதுங்கம்மா. மேல பெய்யிற மழைக்கு வரம்பை மறுபடி குறைச்சுட்டாங்க. நான் என்னங்க பண்றது?"

வீட்டில் இறக்குவதற்கு இனி எதுவும் இல்லை. தமயந்தி தானே எடை மேடையில் ஏறி நின்றாள். ஐம்பத்திரண்டு காட்டியது.

கீழே இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, மேலே போகும் பஸ்ஸிலிருந்த மகளிடம் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினாள்.

"லேகியம் கிண்டி அடுப்பு மேடையில வெச்சிருக்கேன் கண்ணு. பக்கத்து வீட்டு ரூபா பாத்துக்குவா."

இதழினி சாவியை வாங்கவில்லை. "நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கும்மா போகணும்?"

பஸ் நகரத் தொடங்கிவிட்டது. தமயந்திக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது.

"அங்க குளுகுளுன்னு இருக்கும் கண்ணு."