திரும்பி நின்ற எழுத்து

“இது இங்கிலீஷே இல்லம்மா. வலது பக்கத்துலருந்து எடது பக்கம் போவுது, பஜார்ல பாய் கடை உருது போர்டு மாதிரி...”

“நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க சார்...”

“இன்னாத்த கேக்கறது? எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச மனுசன் சொல்றாரு, நீ எதிர்ப்பேச்சு பேசிகினு...”

“அது தப்பு இல்ல மாமா.”

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில், அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்தெடுத்த அரக்கு நிறப் பட்டு. இரண்டு முழ நீளம். அதில் ஜரிகையால் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள்.

‘கெட் வெல் சூன்.’ சீக்கிரம் குணமாகுங்கள் என்று அர்த்தம். நெசவாளர் சங்கத்துக் குமாஸ்தா ஜெகநாதன்தான் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்திருந்தார். துணியிலோ கடைசி எழுத்து முதலில் வந்து, ஒவ்வொன்றும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“பேப்பர திருப்பிப் பிடிச்சிகினு நெய்ஞ்சிருக்குது உங்க மருமக,” என்றார் ஜெகநாதன்.

“எழுத்து தெரியாதவ கையில ஜரிகைய குடுத்தேனே, என்ன சொல்லணும்,” என்றார் மாமனார் சுப்பராயலு.

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் மருமகள் உண்ணாமலைக்குத் தார் சுற்றுகிற வேலைதான். ஆண்கள் நெய்ய, அவள் நூல் சுற்றிக் கொடுப்பாள். கல்கத்தாவிலிருந்து சங்கத்துக்கு டிசைன் சொல்லிக்கொடுக்க வந்த சென் அம்மாதான், “இவங்களைத் தறியில் உட்கார வையுங்கள்” என்று அரைகுறைத் தமிழில் சுப்பராயலுவிடம் விடாமல் சண்டை போட்டவர். சந்தவாசல் ரோட்டில் ஜீப் கவிழ்ந்து, இரண்டு மாதமாக வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மறுநாள் காலை ஆபரேஷன். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு இங்கிலீஷில் நாலு நல்ல வார்த்தை நெய்து கொடுக்க வேண்டும் என்று உண்ணாமலை கெஞ்சியதால், இந்த ஒரு தடவை மட்டும் மாமனார் தறியை விட்டுக்கொடுத்திருந்தார்.

“பின்பக்கத்த காட்டி மாட்டிட்டா?” என்றார் ஜெகநாதன். “எழுத்து நேராயிடுமே.”

“பின்பக்கம் பாருங்க. ஜரிகை பிசிறு பிசிறா தொங்குது. ஆரணி பட்டுன்னு சொல்லிக்க முடியுமா? வேற நெய்யவும் நேரமில்ல. ஆஸ்பத்திரியில இன்னிக்கு நாலு மணிக்குத்தான் உள்ள விடுவான். துணி இங்கயே கெடக்கட்டும், ஆரஞ்சு வாங்கிகினு போவலாம்.”

“துணி வரும் மாமா.”

“அத பாத்து அந்தம்மா சிரிச்சா?”

“கேலியா சிரிச்சாங்கன்னா நான் தறிய விட்டு எறங்கிடறேன். சாவற வரைக்கும் தாரே சுத்தறேன். சரியா இருக்குதுன்னு அவங்க வாயால சொன்னா, அந்தத் தறி எனக்கு.”

“அப்டியே ஆவட்டும். ஜெகநாதன் சார், நீங்கதான் சாட்சி.”

“ஏம்மா இப்படி நெய்ஞ்ச? அதயாவது சொல்லிடேன்,” என்றார் ஜெகநாதன்.

“இந்த வீட்டுல நான் வாயால சொன்ன எத சார் நம்பினாங்க? வந்து கண்ணால பாக்கட்டும்.”

சென் அம்மா இருந்தது பெண்கள் வார்டு. போன வாரம் மூன்று பேரும் போயிருந்தும், உள்ளே போய்ப் பார்த்தது உண்ணாமலை ஒருத்திதான். ஆண்கள் இருவரும் கேட்டிலேயே நின்று திரும்பினார்கள். இன்று நர்ஸ் மனமிரங்கி, “வாசப்படி வரைக்கும் வாங்க, உள்ள கால் வைக்கக் கூடாது,” என்றாள்.

உண்ணாமலை மட்டும் விடுவிடுவென்று உள்ளே போனாள். வாசலை ஒட்டியிருந்த சென் அம்மா கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், காலண்டர் மாட்டும் ஆணிகளில் துணியைத் தொங்கவிட்டாள். எழுத்துகள் அப்போதும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. சுப்பராயலு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெகநாதன் ஆரஞ்சுப் பழங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து முதலில் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு.

“சிரிச்சிட்டாங்க,” என்றார் சுப்பராயலு மெதுவாக. “மானம் போச்சி. நாளைக்கு காலையில தாரு சுத்த ஒக்காரச் சொல்லுங்க அவள.”

சிரிப்பு நின்றது. குரல் ஒவ்வொரு வார்த்தையாக, தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. “கெட்... வெல்... சூன்.” பிறகு கொஞ்சம் அழுகையோடு, “உண்ணாமலை, ரொம்ப சரி. ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை.”

ஜெகநாதன் சுவரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

“சுவரு அவங்க தலைக்குப் பின்னாலதான இருக்குது? திரும்பிகூடப் பாக்கலியே. எப்படிம்மா படிச்சாங்க?”

உண்ணாமலை மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கழுத்து எலும்பு ஒடஞ்சவங்க தலைய திருப்ப முடியாதுன்னு, மூஞ்சிக்கு மேல கண்ணாடி ஒண்ண சாய்ச்சி மாட்டியிருக்காங்க. ரெண்டு மாசமா வர்றவங்க போறவங்க எல்லாரயும் அந்தம்மா அதுலதான் பாக்கறாங்க. நிமிந்து அந்தக் கண்ணாடியில பாருங்க மாமா, நான் நெய்ஞ்சது நேரா நிக்குதா இல்லியா?”