நூறாவது டோக்கன்

"அஞ்சாவது விதியை அடிச்சிடுங்க டீச்சர். மடியில கனம் இருக்கிறவங்களுக்குத்தான் இப்படி விதியெல்லாம் தேவைப்படும்."

சொன்னவள் பட்டாசு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் வெடிக்கிறாள் என்று யாரோ கூப்பிடப்போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

நூலகத்தின் மாடி அறை, சனிக்கிழமை சாயங்காலம். சின்னச் சின்ன கிளினிக்குகளில் வரிசைக்கு டோக்கன் கொடுக்க ஒரு மென்பொருள். நாலு பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்தவும் செய்யுங்கள் என்று ஊருக்கே திறந்துவிட்டது. நாலு பேர் இருபது பேரானார்கள். மாதம் ஒருமுறை கூடினார்கள். கூடினால் சண்டை.

அதனால்தான் கூட்டம் நடத்த விதிமுறை எழுதும் வேலையை டீச்சரிடம் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இங்கே ஒருங்கிணைப்பாளர்.

நேரத்துக்கு ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வந்தவரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஒருவரே இருபது நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. இதைப் படித்தபோது அறையே பட்டாசைத் திரும்பிப் பார்த்தது. அவளோ, யாரைச் சொல்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தாள். நாலாவது, கைபேசி பற்றியது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

ஐந்தாவதில்தான் வெடித்தது. மென்பொருளில் தப்பு இருந்தால் தப்பைத் திருத்துங்கள், எழுதியவர் யார் என்று சபையில் தேடாதீர்கள் என்று எழுதியிருந்தார் டீச்சர்.

பட்டாசு விடுவாளா? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எழுதியவர் பெயரும் தேதியும் பதிவாகிக் கிடக்கிறதே, அது என்ன அழகு பார்க்கவா என்று கேட்டாள். தான் ஆரம்ப நாளிலிருந்து இருப்பவள், ஆயிரக்கணக்கில் வரி எழுதியவள், ஒருநாளாவது பெயரை மறைத்திருப்பாளா என்றும் கேட்டாள். அன்றைக்குத்தான் அடுத்த ஒருங்கிணைப்பாளர் யார் என்று கை தூக்க வேண்டிய நாள். மூன்று வருஷமாக அந்த நாற்காலியின் மேல் அவளுக்கு ஒரு கண்.

ஓட்டெடுப்பு அப்புறம் இருக்கட்டும், வந்தவரைக் கேட்போம் என்றார் டீச்சர்.

வந்தவர் ஒரு கிளினிக்கின் வரவேற்புப் பெண். முன்வரிசையில் நுனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தயங்கித் தயங்கி எழுந்தார். காய்ச்சல் பரவும் நாட்களில் தொண்ணூற்றொன்பது பேர் வரை சரியாகப் போகிறதாம். நூறாவது ஆளுக்குப் பூஜ்யம் வருகிறதாம். அதற்கடுத்தவருக்கு ஒன்று. போன வாரம் ஒன்றாம் நம்பர்காரர்கள் இரண்டு பேர், டாக்டர் அறை வாசலில் சட்டையைப் பிடிக்காத குறையாம்.

அறை சிரித்தது. பட்டாசுதான் அதிகம் சிரித்தாள்.

"நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதவங்க டோக்கன் கொடுக்க ஏன் கிளம்பணும்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்குமே."

சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்ததைக் கொளுத்தினாள். இப்போதே, இங்கேயே, பெரிய திரையில் அந்த வரியைத் திறந்து யார் எழுதியது என்று காட்டச் சொன்னாள்.

டீச்சர் திரைக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தேடினார். பார்த்தார். தலையை நிமிர்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பட்டாசை ஒரு கணம் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார். மூடிவிட்டார்.

"நான்தான் எழுதினேன்."

சொல்லிக்கொண்டே மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார்.

"அப்போ ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தாலே பெரிசு. நூறு பேர் வருவாங்கன்னு தோணலை. நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்மா" என்றார் வரவேற்புப் பெண்ணிடம்.

ஒயரைப் பிடுங்கும்போதே தனக்குத் தெரியும் என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னாள் பட்டாசு. கணக்கு டீச்சருக்கே நூறு தெரியவில்லையே என்றும் சொன்னாள், மெதுவாகச் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு ஓட்டெடுப்பு என்ன ஓட்டெடுப்பு. பதினான்கு கை பட்டாசுக்கு. ஐந்தாவது விதிக்கும் கோடு விழுந்தது. டீச்சர் அறைச் சாவியைக் கொடுத்து, ஜன்னல் கொக்கி ஒன்று சரியாக மாட்டாது, பார்த்துச் சாத்து என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகவே இறங்கிப் போனார்.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள் பட்டாசு. டீச்சர் மாதிரி நடித்தும் காட்டினாள்.

"பாவம், தானா ஒத்துக்கிட்டாங்களே" என்றார் அவர்.

"மாட்டிக்கிட்ட பிறகு ஒத்துக்கிட்டா அதுக்குப் பேரு நேர்மையா? இருங்க, அதைப் படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்பறேன். இனிமே யாரும் எங்கிட்ட விதி பேசக் கூடாது."

கணினியைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். பின்னால் இருக்கும் பதிவைத் திறக்கும் பொத்தானையும் அழுத்தினாள். வந்ததை எழுத்துக் கூட்டக்கூடப் பொறுமை இல்லை, கைபேசி வேண்டும். பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டே, பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து குனிந்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியைப் படித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"பேரு, பேரு" என்றாள் பட்டாசு.

அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

"டீச்சர் பேரு எங்கேயும் இல்லை. உன் பேர்தாம்மா இருக்கு."